விளக்கு எரியுது, நெட் வரலை: லேன் கம்பியைச் சோதிக்கும் பழக்கங்களின் வரலாறு

டெஸ்க்டாப்பில் லேன் கம்பி வழியாக வரும் இணைப்பு செத்துப்போனால், விஷயம் தெரிந்தவர் யாரைக் கேட்டாலும் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் சொல்வார்கள். கேபிளைப் பிடுங்கிச் சொருகிப் பாரு. பின்னாடி போர்ட்டில் விளக்கு எரியுதா பாரு. ஐபி அட்ரஸ் என்ன வந்திருக்குன்னு பாரு. ரவுட்டருக்கு பிங் அடிச்சுப் பாரு. எதுவும் பலிக்கவில்லை என்றால் வேற கேபிள் போட்டுப் பாரு, இல்லேன்னா வேற போர்ட்.

பாட்டி வைத்தியம் மாதிரி வாய்வழியாகப் பரவிய சங்கதி போலத் தோன்றும். கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் இந்த வரிசையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு வருடம் இருக்கு, ஒரு ஊர் இருக்கு, பல இடங்களில் ஆள் பெயரே இருக்கு. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட காலத்துக் கோளாறுக்குப் பதிலாக வந்தது. சில இடங்களில் கோளாறு ஒழிந்து வைத்தியம் மட்டும் மிச்சம் இருக்கு. ஒரு இடத்தில் வைத்தியமே நோயாக மாறிவிட்டது. கொஞ்ச நாளாக இதைப் பற்றி எடுத்து வைத்த குறிப்புகளைச் சேர்த்து எழுதுகிறேன்.

ஆரம்பம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1973 மே 22 அன்று, கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பார்க் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பாப் மெட்காஃப் ஓர் உள் குறிப்பு எழுதினார். ஈதர்நெட் என்ற பெயர் அதில் வருகிறது. ஒளி பயணம் செய்ய எங்கும் நிறைந்த ஓர் ஊடகம் வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டு இயற்பியல்காரர்கள் நம்பி, 1887இல் மைக்கெல்சன், மோர்லி இருவரின் சோதனையில் அடி வாங்கிய அதே ஈதர்தான். பெயருக்குப் பொருத்தமாக, எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே ஒரு கம்பியில் தொங்கும். ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மோதும். மோதினால் இருவரும் நிறுத்தி, ஆளுக்கொரு கணக்கில் கொஞ்சம் காத்திருந்து, மறுபடி முயல வேண்டும். இதன் விதை ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் நடத்திய அலோஹா ரேடியோ வலையமைப்பில் இருந்தது.

மெட்காஃபுக்குக் கை கொடுத்தவர் டேவிட் பாக்ஸ். ஹாம் ரேடியோ பழக்கம் உள்ளவர், சால்டரிங் கைவந்தவர். நீளமான கேபிளில் மின்துடிப்பு அனுப்பப் போராடிக்கொண்டிருந்த மெட்காஃபைப் பார்த்து உதவ வந்தவர் என்று சொல்வார்கள். அந்த வருடம் நவம்பர் 11 அன்று முதல்முறையாக வேலை செய்தது. வேகம் 2.94 மெகாபிட். 2022ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது மெட்காஃபுக்குக் கிடைத்தது. பாக்ஸ் அந்த வருடம் பிப்ரவரியில்தான் இறந்திருந்தார். வரலாறு எழுதுகிறவர்கள் மெமோ எழுதியவரை நினைவில் வைக்கிற அளவுக்கு சால்டரிங் பிடித்தவரை வைப்பதில்லை. இது என் பழைய புலம்பல், விடுங்க.

நமக்கு வேண்டிய விஷயம் வேறு. இந்த அமைப்பில் நடுவில் யாரும் கிடையாது. கம்பிதான் எல்லாம், அந்தக் கம்பிக்கு எதுவும் தெரியாது. அதனால் கோளாறு வந்தால் அதற்கு விலாசம் கிடையாது. வலையமைப்பைச் சோதிக்கும் கலை முழுவதும், கோளாறுக்கு விலாசம் கண்டுபிடிக்கும் முயற்சிதான் என்று எனக்குப் படுகிறது.

1980 செப்டம்பர் 30 அன்று டெக், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து 10 மெகாபிட் ஈதர்நெட்டுக்கான விவரக்குறிப்பை வெளியிட்டன. 1983இல் ஐஇஇஇ அதைத் தன் 802.3 தரமாக ஏற்றது. 10பேஸ்5 என்று பெயர். அதிகபட்சம் 500 மீட்டர் நீளம், விரல் பருமன் கேபிள், பெரும்பாலும் மஞ்சள் நிறம். அதில் 2.5 மீட்டருக்கு ஒரு கோடு போட்டிருக்கும். கம்ப்யூட்டரை இணைக்க வேண்டுமென்றால் அந்தக் கோட்டில் துளை போட்டு, ஊசி ஒன்றை உள்ளே இறக்கி, நடுக் கம்பியைத் தொட வைக்க வேண்டும். இதற்கு வேம்பயர் டேப் என்றே பெயர். ரத்தக்காட்டேரிக் கடி! கேபிளை வெட்டாமல் ஓடிக்கொண்டிருக்கும் வலையமைப்பிலேயே புது மெஷினைச் சேர்க்கலாம் என்பது இதன் பெருமை. துளை கொஞ்சம் பிசகினால் நடு இழையும் வெளிக் கவசமும் தொட்டு ஷார்ட் ஆகி, அந்த மாடி முழுவதும் படுத்துவிடும் என்பது இதன் சிறுமை.

இதை விலை மலிவாக்கி வந்தது 10பேஸ்2. சீப்பர்நெட் என்று செல்லப்பெயர். ஒல்லியான கேபிள், ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முதுகிலும் ஒரு டி வடிவ இணைப்பி, அதிகபட்சம் 185 மீட்டர், 30 மெஷின்கள். தொண்ணூறுகளில் நம்மூர் கல்லூரி லேப்பிலோ கம்ப்யூட்டர் சென்டரிலோ உட்கார்ந்தவர்கள் இந்தக் கறுப்புக் கம்பியையும் பிஎன்சி முனையையும் பார்த்திருப்பீர்கள். வரிசையின் இரு கோடியிலும் விரல் நுனி அளவில் ஒரு மூடி இருக்கும், டெர்மினேட்டர். உள்ளே வெறும் 50 ஓம் ரெசிஸ்டர். அது இல்லாவிட்டால் சிக்னல் கம்பியின் முனையில் மோதி, கிணற்றில் கத்தியது போல எதிரொலித்துத் திரும்பி வரும். திரும்பி வந்த தன் குரலையே வேறொருவர் பேச்சு என்று நினைத்து மெஷின் "மோதல்" என்று நிறுத்திவிடும். மூடி ஒன்று காணாமல் போனால் ஆபீஸே நின்றுவிடும். யாராவது மேஜையை நகர்த்தி, காலில் இடறுகிறதே என்று டி-யிலிருந்து கேபிளைக் கழற்றினாலும் அதே கதி.

"கேபிளைப் பிடுங்கிச் சொருகிப் பாரு" என்ற உபதேசம் இந்தக் காலத்தில்தான் வேர் பிடித்தது என்பது என் ஊகம். அன்றைக்குச் சொருகிப் பார்ப்பது ஒரு மெஷினுக்கான வைத்தியம் இல்லை, வரிசை வரிசையாக நடந்து போய் யாருடைய முதுகில் கோளாறு என்று தேடும் வேட்டை. இதற்கு ஓர் அழகான குறுக்குவழியும் இருந்தது. கம்ப்யூட்டரை எல்லாம் அணைத்துவிட்டு, ஏதாவது ஒரு டி-யில் மல்டிமீட்டர் வைத்தால் 25 ஓம் காட்ட வேண்டும். இரண்டு 50 ஓம் மூடிகள் பக்கவாட்டில் இணைந்தால் 25 தானே. 50 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கு, அல்லது மூடி இல்லை. எந்தப் பக்கம் என்று பார்க்க, டி-யில் ஒரு பக்கத்தைக் கழற்றி மறுபடி அளக்கலாம். பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டே போனால் நாலைந்து அளவில் இடம் கிடைத்துவிடும்.

இன்னும் நேர்த்தியான வழி, எதிரொலியையே பயன்படுத்துவது. ஒரு துடிப்பை அனுப்பி, அது திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்று அளந்தால் உடைப்பு எத்தனை மீட்டரில் என்று தெரிந்துவிடும். டிடிஆர் என்பார்கள். இன்டெல்லின் 82586 சிப்பில் இதற்கென்றே ஒரு கட்டளை இருந்தது. எண்பதுகளிலேயே நெட்வொர்க் கார்டுக்குத் தன் கம்பியின் உடைப்பைத் தானே அளக்கத் தெரிந்திருக்கு! பிறகு சாதாரண டெஸ்க்டாப் உலகம் அதைச் சுத்தமாக மறந்தது. 2020இல்தான் லினக்ஸின் ஈதிடூல் கட்டளையில் கேபிள் சோதனை சேர்ந்தது. அதுவும் கார்டு ஒத்துழைத்தால்தான்.

இப்போது பிங். 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மைக் மூஸ், ஒரு வலையமைப்புப் பிரச்சினை படுத்திய பாட்டில் ஒரே ராத்திரியில் எழுதிய நிரல் அது. எதிரொலி கேட்கும் வசதி 1981இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 792இலேயே இருந்தது. அந்த வசதியை வைத்து நேரம் அளக்கலாம் என்று டேவ் மில்ஸ் போகிறபோக்கில் சொன்னதை மூஸ் மனதில் வைத்திருந்தார். நீர்மூழ்கியின் சோனார் எழுப்பும் சத்தம்தான் பெயர். தன் பார்வையில் அது சுருக்கெழுத்து இல்லை என்று அவரே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 2000 நவம்பரில் ஒரு சாலை விபத்தில் இறந்தார்.

மூஸ் தான் கேட்டதிலேயே சிறந்த பிங் கதை என்று ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு மாநாட்டில் ஒரு நெட்வொர்க் நிர்வாகி சொன்னதாம். அவர் இடத்தில் ஈதர்நெட் விட்டுவிட்டு அறுந்துகொண்டிருந்தது. எங்கே என்று தெரியவில்லை. அவர் பிங் நிரலின் விடையை ஒரு பேசும் நிரலோடு கோத்து, அதை அறையின் ஸ்டீரியோவில் இணைத்து, சத்தத்தைக் காது தாங்கும் அளவுக்கு ஏற்றினார். கம்ப்யூட்டர் நொடிக்கொரு தடவை "பிங், பிங்" என்று கத்திக்கொண்டிருக்க, இவர் கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு இணைப்பியாக ஆட்டிப் பார்த்தார். எதை ஆட்டும்போது சத்தம் நின்றதோ அங்கே கோளாறு. நாம் இன்று ஒரு ஜன்னலில் பிங்கை ஓடவிட்டு, மேஜைக்கு அடியில் குனிந்து கேபிளை ஆட்டிப் பார்க்கிறோமே, அதற்கு இவர்தான் முன்னோடி. விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு இதைவிட நல்ல வழியை நான் இன்னும் பார்க்கவில்லை.

அடுத்த திருப்பம், கம்பியை நடுவில் ஒரு பெட்டிக்குக் கொண்டுவந்தது. கட்டடங்களில் டெலிபோனுக்காக இழுத்த முறுக்குக் கம்பி ஏற்கெனவே சும்மா கிடந்தது. அதில் ஏடி அண்ட் டி 1 மெகாபிட் ஸ்டார்லேனை ஓட்டிக் காட்டியது. ஜெராக்ஸிலிருந்து பிரிந்து போனவர்கள் தொடங்கிய சினாப்டிக்ஸ், 10 மெகாபிட்டே ஓட்ட முடியும் என்று நிரூபித்தது. 1990இல் 10பேஸ்-டி தரமாக வந்தது. இப்போது ஒரு மெஷினுக்கு ஒரு கம்பி, அதிகபட்சம் 100 மீட்டர். எவன் கம்பி அறுந்தாலும் அவன் மட்டும்தான் படுப்பான். கோளாறுக்கு முதல்முறையாக விலாசம் கிடைத்தது.

அதோடு விளக்கும் வந்தது. பேச எதுவும் இல்லாத நேரத்திலும் ஒவ்வொரு முனையும் ஏறத்தாழ 16 மில்லிசெகண்டுக்கு ஒரு சின்னத் துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்று 10பேஸ்-டி விதித்தது. "இருக்கியா?" "இருக்கேன்" மாதிரி. எதிர்முனைத் துடிப்பு கேட்டால் பச்சை விளக்கு.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கு. அந்த விளக்கு சொல்வது "அவன் குரல் எனக்குக் கேட்குது" என்பதை மட்டும்தான். என் குரல் அவனுக்குக் கேட்கிறதா என்று அதற்குத் தெரியாது. அனுப்ப ஒரு ஜோடி, வாங்க ஒரு ஜோடி. அனுப்பும் ஜோடி அறுந்தால் இந்தப் பக்கம் விளக்கு எரியும், அந்தப் பக்கம் எரியாது. அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் இரண்டு பக்கமும் விளக்கைப் பார்க்கச் சொன்னார்கள். கீழே குனிந்து ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு "கம்பி நல்லா இருக்கு" என்று எழுந்து வருவது பாதி உபதேசத்தைக் கேட்ட கதை.

விளக்கு இன்னொன்றையும் சொல்லாது. கம்பிக்குள் வரிசை சரியா என்பது. இதற்குக் கொஞ்சம் டெலிபோன் வரலாறு வேண்டும்.

இரண்டு கம்பிகளை முறுக்கினால் வெளிச்சத்தம் குறையும் என்று 1881இலேயே காப்புரிமை வாங்கியவர் கிரஹாம் பெல். இரண்டு இழையிலும் வெளி இரைச்சல் ஒரே அளவில் ஏறும், வித்தியாசத்தை மட்டும் படித்தால் இரைச்சல் கழிந்துவிடும். ஆனால் அந்த இரண்டும் ஒரே முறுக்கில் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். அமெரிக்க டெலிபோன் பிளக்கில் முதல் ஜோடி நடு இரண்டு முள்ளிலும், அடுத்த ஜோடி அதை அணைத்தபடி வெளிப்பக்கமும் இருக்கும். எட்டு முள் லேன் பிளக்குக்கும் அந்த மரபே வந்தது. 4, 5 நடு ஜோடி, டெலிபோனுக்கு. அதை அணைத்து 3, 6. ஓரங்களில் 1, 2 மற்றும் 7, 8. தப்பித்தவறி டெலிபோன் லைனில் சொருகினால் மணி அடிக்கும் வோல்டேஜ் கார்டில் ஏறிவிடக் கூடாதே என்று 10பேஸ்-டி நடு ஜோடியைத் தொடாமல் 1, 2 மற்றும் 3, 6 எடுத்துக்கொண்டது. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்று கிரிம்பிங் செய்பவர்கள் மந்திரம் போலச் சொல்கிறார்களே, பச்சை ஜோடியின் நடுவில் நீலம் வந்து உட்கார்ந்திருப்பது அந்த டெலிபோனுக்காகத்தான்.

இந்த வரலாறு தெரியாதவர் பிளக்கை அடித்தால் இயல்பாக ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுவார். ஆரஞ்சு ரெண்டு, பச்சை ரெண்டு, நீலம் ரெண்டு, பழுப்பு ரெண்டு. பார்க்க அதுதான் அழகு. இரண்டு முனையிலும் அப்படியே அடித்தால் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு, இரண்டிலிருந்து இரண்டுக்கு, எல்லாம் சரி. ஆனால் 3ஆம் முள்ளில் பச்சை முறுக்கின் ஒரு இழை, 6ஆம் முள்ளில் நீல முறுக்கின் ஒரு இழை. முறுக்கு கலைந்த ஜோடி. பழைய டெலிபோனில் அடுத்த வீட்டுக்காரர் பேச்சு கேட்குமே, அந்த கிராஸ்டாக் இங்கே புகுந்துவிடும். 10 மெகாபிட்டில் சமாளிக்கும். வேகம் ஏற ஏறத் தள்ளாடும்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ். மாதம் 20ஆம் தேதி நெருங்கினால் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவதில் அங்கே அடுப்பு எரியும். ஒரு டெஸ்க்டாப் மட்டும் காலையில் நன்றாக இருக்கும், பெரிய ஃபைல் எதையாவது ஏற்றத் தொடங்கினால் அறுந்துவிடும். பார்க்க வந்த சர்வீஸ் ஆள் டெஸ்டர் வைத்துக் காட்டி, "கேபிள் பக்கா சார், போர்டுல லேன் போர்ட் போயிடுச்சு, மதர்போர்டு மாத்தணும்" என்று சொல்லிவிட்டார். என்னைக் கூப்பிட்டு "தம்பி, கொஞ்சம் பாருப்பா, தேதி வேற 18 ஆயிடுச்சு" என்றார் ஆடிட்டர். பிளக் கண்ணாடி மாதிரி இருப்பதில் ஒரு வசதி, நிறம் வெளியே தெரியும். அழகான அடுக்கு! இரண்டு முனையையும் வெட்டி, நீலத்தைப் பச்சைக்கு நடுவில் வைத்து மறுபடி அடித்தேன். அரைமணி வேலை, இரண்டு பிளக் செலவு. அந்த மதர்போர்டு இன்றுவரை ஓடுகிறது. எட்டு விளக்கு டெஸ்டர் பொய் சொல்லவில்லை, அதைக் கேட்ட கேள்விக்கு அது பதில் சொன்னது. முறுக்கைப் பற்றி யாரும் அதைக் கேட்கவில்லை.

வைத்தியம் நோயான கதை என்று மேலே சொன்னேன். அது 1995இல் தொடங்குகிறது. 100 மெகாபிட் ஃபாஸ்ட் ஈதர்நெட் அந்த வருடம் வந்தது. இப்போது ஒரே பிளக்கில் 10 ஓடுபவனும் 100 ஓடுபவனும் இருப்பான். ஒருவர் மாற்றி ஒருவர் பேசும் ஹாஃப் டூப்ளெக்ஸும், இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம் என்ற ஃபுல் டூப்ளெக்ஸும் இருக்கும். யாருக்கு எது தெரியும் என்று எப்படி அறிவது? பழைய "இருக்கியா" துடிப்பையே ஒரு கொத்தாக்கி, அதற்குள் 16 பிட் செய்தி ஒன்றை ஒளித்து வைத்தார்கள். நேஷனல் செமிகண்டக்டர் கம்பெனியின் என்வே முறையிலிருந்து வந்தது. ஆட்டோ நெகோஷியேஷன் என்று பெயர். பழைய கார்டுக்கு அது வெறும் துடிப்பாகத் தெரியும், புதிய கார்டுக்குச் செய்தியாகத் தெரியும். உண்மையிலேயே புத்திசாலித்தனமான வேலை.

ஆனால் ஆரம்பகாலத்தில் வெவ்வேறு கம்பெனிச் சிப்கள் ஒன்றுக்கொன்று சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நிர்வாகிகள் சலித்துப்போய், பேச்சுவார்த்தையே வேண்டாம், கையால் 100 ஃபுல் என்று பூட்டிவிடு என்று ஒரு பழக்கத்துக்கு வந்தார்கள். இரண்டு பக்கமும் பூட்டினால் ஓடும். பிரச்சினை, ஒரு பக்கம் மட்டும் பூட்டினால். பூட்டிய பக்கம் பேச்சுவார்த்தையில் வாயே திறக்காது. எதிர்ப் பக்கம் சிக்னலை வைத்து வேகம் 100 என்று கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லை. பதில் வராத இடத்தில் ஹாஃப் என்று வைத்துக்கொள் என்பதுதான் தரத்தின் விதி. வெறும் ஹப்பாக இருந்தாலும் இருக்கலாமே என்ற எச்சரிக்கை. நியாயமான விதி. விளைவு, ஒரு பக்கம் ஃபுல், மறுபக்கம் ஹாஃப்.

இரண்டு பக்கமும் விளக்கு எரியும். பிங் அடித்தால் ஒழுங்காக வரும், ஏனென்றால் ஒரு சின்னப் பாக்கெட் போய், அது திரும்பி வருகிறது, அவ்வளவுதான், இருவரும் ஒரே நேரத்தில் பேசும் சந்தர்ப்பம் அரிது. பெரிய ஃபைல் ஒன்றை நகல் எடுத்தால் தெரியும் சங்கதி. ஃபுல் பக்கம் எப்போது வேண்டுமானாலும் பேசும். ஹாஃப் பக்கம் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பேச்சு வந்து விழுந்தால், மோதல் என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிடும். ஃபுல் பக்கத்துக்கு அரைகுறைப் பாக்கெட்டுகள் குப்பையாக வந்து விழும். 64 பைட்டுக்குப் பிறகு மோதல் வரவே கூடாது என்பது ஈதர்நெட்டின் அடிப்படைக் கணக்கு, வந்தால் கார்டு மறுபடி அனுப்பாது. மேலே இருக்கும் டிசிபிதான் காத்திருந்து, கவனித்து, மறுபடி அனுப்ப வேண்டும். இணைப்பு உயிரோடு இருக்கும், ஆனால் நத்தை.

இதில் கொடுமை என்னவென்றால், "ஸ்லோவா இருக்கா? கார்டு செட்டிங்கில் போய் 100 ஃபுல்னு வை" என்ற உபதேசம் சிப்கள் எல்லாம் திருந்திய பிறகும் பல வருடம் சுற்றியது. ஒரு காலத்துக் கோளாறுக்கான மருந்து, கோளாறு போன பிறகு அதே மாதிரிக் கோளாறைப் புதிதாக உண்டாக்கியது. 1999இல் வந்த 1000பேஸ்-டி இதற்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்தது. தாமிரக் கம்பியில் கிகாபிட் வேண்டுமென்றால் பேச்சுவார்த்தை கட்டாயம். இன்றைக்கும் யாராவது உங்களிடம் வேகத்தைக் கையால் பூட்டச் சொன்னால், அவர் எந்த வருடத்தில் தொழில் கற்றார் என்று கணக்குப் போடலாம்.

கிகாபிட் வேறொரு புதிர் கொண்டுவந்தது. பேச்சுவார்த்தை நடப்பது பழைய இரண்டு ஜோடியில், 1, 2 மற்றும் 3, 6. ஆனால் கிகாபிட் ஓட நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரே ஒரு இழை அறுந்திருந்தால் என்ன ஆகும்? இருவரும் பேசி "கிகாபிட் ஓட்டலாம்" என்று ஒத்துக்கொள்வார்கள். ஓட்டப் போனால் ஓடாது. மறுபடி பேச்சு, மறுபடி தோல்வி. விளக்கு மின்மினி மாதிரி எரிந்து எரிந்து அணையும். சில கார்டுகள் நாலைந்து தடவை பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். 300 மெகாபிட் பிளானுக்குக் காசு கட்டிவிட்டு 94, 95க்கு மேல் ஏறவே மாட்டேங்குது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். விண்டோஸில் அடாப்டர் ஸ்டேட்டஸ் ஜன்னலில் வேகம் 100 என்று இருந்தால், நெட் கம்பெனிக்குப் போன் போடும் முன் கேபிளை மாற்றிப் பாருங்க.

மீதி இருப்பது ஐபி அட்ரஸ். 169.254 என்று தொடங்கும் எண் வந்தால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். இது பிறந்தது கோளாறுக்காக இல்லை. எண் கொடுக்கும் டிஹெச்சிபி சர்வர் இல்லாத வீட்டில், இரண்டு கம்ப்யூட்டரை நேராக இணைத்தாலும் அவை தாங்களே ஆளுக்கொரு எண் வைத்துக்கொண்டு பேசட்டும் என்ற நல்லெண்ணத்தில் விண்டோஸ் 98 காலத்தில் வந்த வசதி. 2005இல் ஆர்எஃப்சி 3927 ஆனது. அந்த நோக்கத்துக்கு அதைப் பயன்படுத்தியவர்கள் எத்தனை பேரோ, நமக்கு அது "கேட்டேன், யாரும் பதில் சொல்லலை" என்று மெஷின் கொடுக்கும் வாக்குமூலம். இங்கே விளக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்து 169.254 என்றால் கம்பியில் துடிப்பு போகிறது, பேச்சு போகவில்லை.

127.0.0.1க்கு பிங் அடித்துப் பார்ப்பதைப் பல பாடப்புத்தகங்கள் முதல் படியாக வைத்திருக்கின்றன. அந்தப் பாக்கெட் கார்டு பக்கமே போவதில்லை, உள்ளேயே சுற்றித் திரும்பிவிடும். கேபிளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடித்தாலும் பதில் வரும். அதேபோல ரவுட்டரோ பக்கத்து மெஷினோ பிங்குக்குப் பதில் சொல்லவில்லை என்பதாலேயே செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. 2004இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் ஃபயர்வாலை இயல்பாகவே போட்டு வைத்ததிலிருந்து, பிங்குக்கு வாய் திறக்காத மெஷின் சாதாரணம். மூஸ் எழுதிய காலத்தில் கூப்பிட்டால் எல்லோரும் பதில் சொல்வார்கள், சொல்வதுதான் மரியாதை. இப்போது நிலைமை வேறு. இந்த மாதிரி நேரத்தில் பிங் அடித்த கையோடு ஏஆர்பி பட்டியலைப் பாருங்க. 1982இல் டேவிட் பிளம்மர் எழுதிய சின்ன நெறிமுறை, "இந்த எண் யாருடையது?" என்று கம்பியில் கூவிக் கேட்கும். ஃபயர்வால் போட்டவனும் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் அவனோடு யாரும் பேச முடியாது. நீங்கள் கேட்ட எண்ணுக்கு நேராக 48 பிட் முகவரி ஒன்று வந்திருந்தால், பிங் வராவிட்டாலும் கம்பியும் கார்டும் நலம்.

ஆபீஸ்களில் மட்டும் வரும் இன்னொரு வகை இருக்கு. காலையில் மெஷினைப் போட்டால் 169.254, ஒரு நிமிடம் கழித்துக் கேபிளைத் தொடாமல் ஐபியை மட்டும் மறுபடி கேட்டால் ஒழுங்கான எண். ரேடியா பெர்ல்மன் 1985இல் டெக் கம்பெனிக்காக எழுதிய ஸ்பானிங் ட்ரீ, கம்பி சொருகிய போர்ட்டை ஏறத்தாழ 30 வினாடி சந்தேகத்தோடு பார்த்துவிட்டுத்தான் திறந்துவிடும். வேகமாக பூட் ஆகும் மெஷின் அதற்குள் எண் கேட்டு, அலுத்து, தானே ஒன்றை வைத்துக்கொண்டுவிடும். சுவிட்சில் அந்த போர்ட்டுக்கு மட்டும் காத்திருப்பை நீக்கும் செட்டிங் இருக்கு. ஆனால் எதற்காக அந்த 30 வினாடி என்பது இதைவிட நீளமான கதை, அதைத் தனியாக எழுதுகிறேன்.